சம்பளச் சீட்டில் ஒரு வரி: சிண்டாவுக்குப் பிடிக்கும் வெள்ளி எங்கே போகிறது?

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் இந்தியர் ஒருவர் மாதக் கடைசியில் சம்பளச் சீட்டைப் பிரித்துப் பார்த்தால், மத்திய சேமநிதிக்குப் பிடித்த தொகைக்குக் கீழே இன்னொரு சிறு தொகையும் பிடிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். பக்கத்தில் 'சிண்டா' என்று போட்டிருக்கும். சிலருக்கு ஐந்து வெள்ளி, சிலருக்கு ஏழு வெள்ளி. பலர் அந்த வரியைக் கவனிப்பதே இல்லை. கவனிப்பவர்களில் சிலர், "யாரைக் கேட்டுப் பிடித்தார்கள்?" என்று முணுமுணுத்துவிட்டுச் சீட்டை மடித்து வைத்துவிடுவார்கள்.

கேள்வி நியாயமானதுதான். தன் உழைப்பில் வந்த காசு எங்கே போகிறது என்று கேட்க ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. ஆனால் கேட்டதோடு நிறுத்திக்கொள்ளாமல் விடையையும் தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா?

சிண்டா என்பது சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம். 1991ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் தொடங்கப்பட்ட சுயஉதவி அமைப்பு. சட்டப்படி பதிவு பெற்ற அறநிறுவனம். சிங்கப்பூர்க் குடிமக்கள், நிரந்தரவாசிகள், வேலை அனுமதி அட்டை எனப்படும் 'எம்ப்ளாய்மெண்ட் பாஸ்' வைத்திருப்போர் ஆகியவர்களில் இந்திய வம்சாவளியினர் அனைவரிடமிருந்தும் இந்தத் தொகை பிடிக்கப்படுகிறது. இந்தியர் என்றால் தமிழர் மட்டுமல்லர். மலையாளி, தெலுங்கர், பஞ்சாபி, சீக்கியர், குஜராத்தி, சிந்தி, வங்காளி மட்டுமின்றி இலங்கை, பாகிஸ்தான், பங்ளாதேஷ் வழிவந்தவர்களும் இதில் அடக்கம். கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் 'வொர்க் பெர்மிட்' வைத்து உழைக்கும் வெளிநாட்டுத் தம்பிமார்களிடமிருந்து இது பிடிக்கப்படுவதில்லை.

வேண்டாம் என்பவர்கள் படிவம் ஒன்றை நிரப்பிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம். கூடக் கொடுக்க நினைப்பவர்கள் கூட்டியும் கொடுக்கலாம், முடியாதவர்கள் குறைத்தும் கொடுக்கலாம். ஆகவே இது வரி அன்று. ஆனாலும், எதுவும் செய்யாமல் சும்மா இருந்தால் பணம் பிடிக்கப்படும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் பலம். மனிதர்களில் பெரும்பாலோர் சும்மா இருக்கவே விரும்புபவர்கள். அந்தச் சோம்பலையே ஒரு சமூகத்தின் சேமிப்பாக மாற்றிய கெட்டிக்காரத்தனத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

எவ்வளவு பிடிக்கிறார்கள்?

2015ஆம் ஆண்டு ஜனவரி முதல் நடப்புக்கு வந்த விகிதப்படி, மாதம் 1,000 வெள்ளி வரை சம்பாதிப்பவர் 1 வெள்ளி தருகிறார். 1,500 வெள்ளி வரை 3 வெள்ளி, 2,500 வரை 5 வெள்ளி, 4,500 வரை 7 வெள்ளி, 7,500 வரை 9 வெள்ளி, 10,000 வரை 12 வெள்ளி, 15,000 வரை 18 வெள்ளி. அதற்கு மேல் எவ்வளவு சம்பாதித்தாலும் 30 வெள்ளிதான்.

மேலோட்டமாகப் பார்த்தால் அதிகம் சம்பாதிப்பவர் அதிகம் தருகிறார். சற்றுக் கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறொன்று தெரியும். 2,500 வெள்ளி சம்பாதிக்கும் துப்புரவு மேற்பார்வையாளரோ கிடங்கு ஊழியரோ தரும் 5 வெள்ளி, அவருடைய ஆயிரம் வெள்ளிக்கு 2 வெள்ளி வீதம். 10,000 வெள்ளி சம்பாதிக்கும் மேலாளர் தரும் 12 வெள்ளி, அவருடைய ஆயிரத்துக்கு 1 வெள்ளி 20 காசுதான். 15,000 வெள்ளிக்காரருக்கும் அதே 1 வெள்ளி 20 காசு. சுமையின் கனத்தை வைத்துப் பார்த்தால், கீழ்நடுத்தட்டில் இருப்பவரே கூடுதலாகத் தோள் கொடுக்கிறார். இதை யாரும் மேடையில் சொல்வதில்லை. வசதி படைத்தவர்கள் படிவத்தை எடுத்துத் தொகையைக் கூட்டி எழுதினால் யாரும் தடுக்கப் போவதில்லை.

ஆளுக்கு ஒரு வெள்ளி என்று திரட்டும் பழக்கம் இந்தச் சமூகத்துக்குப் புதிதன்று. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய இயல் துறையில் தமிழுக்கு உரிய இடம் கிடைக்க வேண்டும் என்பதற்காகத் 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்ற நிதியைத் தொடங்கினார். துறைமுகத் தொழிலாளியும் தோட்டத் தொழிலாளியும் ஆளுக்கொரு வெள்ளி கொடுத்தார்கள். அவர்களில் எத்தனை பேர் பல்கலைக்கழக வாசலை மிதித்திருப்பார்கள்? தாங்கள் போக முடியாத இடத்துக்கு அடுத்த தலைமுறை போகட்டும் என்று கொடுத்த வெள்ளி அது. இன்று சம்பளச் சீட்டில் பிடிக்கப்படும் வெள்ளியும் ஏறக்குறைய அந்த வழியில் வந்ததுதான்.

1980களில் என்ன நடந்தது?

1980களில் இந்திய மாணவர்களின் தேர்வு முடிவுகள் கவலை தரத் தொடங்கின. குறிப்பாகத் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் கணிதத்தில் அவர்கள் பின்தங்கினார்கள். மலாய்ச் சமூகம் 1982ஆம் ஆண்டிலேயே மெண்டாக்கி அமைப்பைத் தொடங்கிவிட்டிருந்தது. இந்தியர் கல்வி குறித்து ஆராய அமைக்கப்பட்ட செயற்குழு 1991ஆம் ஆண்டில் தன் அறிக்கையை வெளியிட்டது. 'நாற்சந்தியில்' என்று பொருள்படும் தலைப்பு அதற்கு. எந்தப் பக்கம் திரும்பப் போகிறோம் என்பதே அது எழுப்பிய கேள்வி. அதே ஆண்டில் சிண்டா பிறந்தது. மறு ஆண்டு சீனச் சமூக மேம்பாட்டு மன்றம் வந்தது. 1919 முதல் இயங்கி வந்த யுரேஷியர் சங்கமும் 1994இல் சுயஉதவி அமைப்பாயிற்று.

அந்தக் காலத்தில் பலர் சொன்ன காரணம், பெற்றோருக்கு அக்கறை இல்லை என்பது. எளிதாகச் சொல்லிவிடக்கூடிய காரணம், ஆனால் அதில் பாதி உண்மைதான் உண்டு. பிள்ளை ஏன் கணக்கில் இடறுகிறது என்பதைக் கிட்டப்போய்ப் பார்த்தால் வேறு கதை தெரியவரும்.

தொடக்கப்பள்ளி மேல்வகுப்புக் கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு கடைக்காரர் தம்மிடமிருந்த முட்டைகளில் மூன்றில் ஒரு பங்கைக் காலையில் விற்றார். மீதமிருந்ததில் பாதியை மாலையில் விற்றார். 40 முட்டைகள் மிஞ்சின. முதலில் அவரிடம் எத்தனை முட்டைகள் இருந்தன? கட்டம் வரைந்து பார்க்கும் பிள்ளைக்கு இது சுலபம். மூன்று கட்டம் போட்டால், காலையில் ஒன்று போயிற்று, மீதி இரண்டில் பாதியாக மாலையில் ஒன்று போயிற்று, எஞ்சிய ஒரு கட்டம் 40. ஆக மொத்தம் 120.

இதே கணக்கு தேர்வுத்தாளில் ஆங்கிலத்தில் வரும். 'மீதி' என்பதற்கு அங்கே 'ரிமைண்டர்' என்ற சொல் இருக்கும். அந்த ஒரு சொல்லைச் சரியாகப் பிடிக்காத பிள்ளை, மாலையில் விற்றது மொத்தத்தில் பாதி என்று எடுத்துக்கொள்ளும். மூன்றில் ஒன்று, இரண்டில் ஒன்று, கூட்டினால் ஆறில் ஐந்து. எஞ்சிய ஆறில் ஒன்று 40. விடை 240. இதில் பின்னக் கூட்டலில் ஒரு பிழையும் கிடையாது, பெருக்கலும் சரி. ஆனால் விடை தவறு. ஆசிரியர் சிவப்பு மையில் குறுக்குக் கோடு போடுவார், வீட்டில் "உனக்குக் கணக்கு வராது" என்பார்கள். பிள்ளையும் அதை நம்பிவிடும். உண்மையில் அதற்கு வராதது கணக்கன்று, வாசிப்பு.

கணிதம் ஏணி போன்ற பாடம். பின்னத்தில் தடுக்கினால் விகிதம் புரியாது, விழுக்காடு புரியாது. உயர்நிலைப் பள்ளிக்குப் போனால் இயற்கணிதம் இருட்டாகிவிடும். வரலாற்றில் ஒரு பாடத்தைத் தவறவிட்டவர் அடுத்த பாடத்தைப் படித்துக்கொள்ளலாம். கணிதத்தில் அது நடக்காது. ஆகவேதான் ஆறாம் வகுப்பில் அவசர அவசரமாகத் துணைப்பாடம் வைப்பதால் பெரிய பலன் கிடைப்பதில்லை. பிள்ளை எங்கே தடுக்கியதோ அந்தப் படிக்குத் திரும்பப்போய்க் கைபிடித்து ஏற்றிவிட வேண்டியிருக்கிறது.

சிண்டாவின் முதுகெலும்பாக இருந்துவருவது 'ஸ்டெப்' எனும் துணைப்பாடத் திட்டம். தீவின் பல பகுதிகளிலும் பள்ளி நேரத்துக்குப் பிறகும் வார இறுதியிலும் சிறு குழுக்களாகப் பிள்ளைகளை வைத்துக் கணிதம், ஆங்கிலம், அறிவியல் முதலிய பாடங்களைச் சொல்லித் தருகிறார்கள். வெளியில் துணைப்பாட நிலையங்கள் வாங்கும் கட்டணத்தோடு ஒப்பிட்டால் இங்கே வாங்குவது பெயருக்குத்தான். இன்னொரு பக்கம், 'புராஜெக்ட் ரீட்' திட்டத்தின் கீழ்த் தொண்டூழியர்கள் வாரந்தோறும் வீடு தேடிப் போய்ச் சிறு பிள்ளைகளோடு உட்கார்ந்து ஆங்கிலக் கதைப் புத்தகம் வாசிக்கிறார்கள். துணைப்பாட வகுப்போடு ஒப்பிட்டால் இது விளையாட்டு போலத் தோன்றலாம். ஆனால் மேலே சொன்ன முட்டைக் கணக்கை நினைத்துப் பார்த்தால், இரண்டில் எது முந்தி நடக்க வேண்டும் என்பது தெரியும்.

2020ஆம் ஆண்டு ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நடப்பில் இருந்த கிருமிப்பரவல் முறியடிப்புத் திட்டம் இந்த விஷயத்தை எல்லாருக்கும் வெளிச்சம் போட்டுக் காட்டியது. பள்ளிப் பாடம் வீட்டுக்கு வந்தபோது, தனி அறையும் மடிக்கணினியும் உள்ள பிள்ளைக்கும், ஓரறை வாடகை வீட்டில் ஒரே கைத்தொலைபேசியை மூன்று பேர் பகிர்ந்துகொண்ட பிள்ளைக்கும் இடையிலிருந்த தூரம் கண்ணுக்குத் தெரிந்தது. அந்தத் தூரம் கிருமி கொண்டுவந்தது அன்று, முன்பே இருந்ததுதான்.

கதவு திறக்காத வீடுகள்

துணைப்பாட வகுப்பு நடத்தும் எந்த அமைப்பைக் கேட்டாலும் ஒரு குறையைச் சொல்வார்கள். வகுப்புக்கு மிகவும் வர வேண்டிய பிள்ளைதான் மிகக் குறைவாக வரும். பதிவு செய்வார்கள், இரண்டு வாரம் வருவார்கள், பிறகு காணாமல் போவார்கள். சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், அம்மா சனிக்கிழமையும் பேரங்காடியில் கல்லாவில் நிற்கிறார். மூன்று வயதுத் தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. பதினொரு வயது அண்ணன்தான் அந்த வீட்டுக் காவலாளி. அவன் சனிக்கிழமை காலையில் பின்னம் படிக்கப் போவது எப்படி?

இந்த இடத்தில்தான் துணைப்பாடத்தின் கை நீளம் முடிந்துவிடுகிறது. கணக்கு ஆசிரியர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், மின்கட்டணம் கட்டாத வீட்டில் அவர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. சிராங்கூன் சாலைக்கு அருகே பீட்டி சாலையில் உள்ள சிண்டா கட்டடத்தில் குடும்பச் சேவை நிலையம் இயங்குவதற்குக் காரணம் இதுவே. வேலை போன வீடு, கணவன் மனைவி சண்டை முற்றிய வீடு, குடிப்பழக்கம் புகுந்த வீடு, தந்தை சிறையில் இருக்கும் வீடு என்று பல வகைக் குடும்பங்கள் அந்தப் படியேறி வருகின்றன. அரசாங்கம் 2005இல் தொடங்கிய காம்கேர் உதவியையும், 2013 முதல் வட்டாரந்தோறும் திறக்கப்பட்ட சமூக சேவை அலுவலகங்களையும் எப்படி அணுகுவது என்று பலருக்குத் தெரிவதில்லை. படிவத்தை நிரப்பத் தெரியாததும், அதிகாரி முன்னால் உட்கார்ந்து குடும்பக் கதையைச் சொல்லக் கூசுவதும் கூட உதவிக்குத் தடைதான். சமூக ஊழியரின் பாதி வேலை அந்தத் தயக்கத்தைக் கரைப்பதே.

"பரவாயில்லைங்க, நாங்க சமாளிச்சுக்கிறோம்" என்று பாதி திறந்த கதவுக்குப் பின்னாலிருந்து வரும் பதிலைக் கேட்காத தொண்டூழியர் இருக்க மாட்டார். நம்மவர்களுக்கு மானம் பெரிது. பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ, கோயிலில் யாராவது பேசுவார்களோ என்ற அச்சம் பெரிது. அந்தப் பதிலைக் கேட்டுத் திரும்பிவிடுகிற தொண்டூழியரும் உண்டு. "சரிங்க அக்கா, அடுத்த வாரம் சும்மா எட்டிப் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த வாரம் மறக்காமல் வருகிறவரும் உண்டு. கதவு முழுதாகத் திறப்பது இரண்டாமவருக்குத்தான். இதற்குப் பணம் அவ்வளவாகத் தேவையில்லை, சலிக்காத கால்கள் தேவை. தொண்டூழியர்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருந்தால் இந்த வேலை நடக்காது.

இளையர்களுக்கென்று வழிகாட்டித் திட்டங்கள், தலைமைத்துவப் பயிற்சி, இளையர் மன்றம் முதலியவற்றையும் சிண்டா நடத்துகிறது. அவற்றில் கவனிக்கத்தக்கது, தொழில்நுட்பக் கல்விக் கழக மாணவர்கள் மீதும் அக்கறை திரும்பியிருப்பது. மருத்துவம் படிக்கும் பிள்ளைக்கு மாலை போடக் கூட்டம் தானாகச் சேரும். குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கப் படிக்கும் பிள்ளையை "பரவாயில்லை, நல்ல தொழில்" என்று தட்டிக்கொடுக்கத்தான் ஆள் தேட வேண்டியிருக்கிறது.

பள்ளி முறையும் இதற்கிடையில் மாறிவிட்டது. 2021 முதல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் பழைய மொத்த மதிப்பெண் முறை போய், ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 8 வரை அடைவுநிலை தரப்படுகிறது. 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்த மாணவர்களிலிருந்து விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகளும் இல்லை. ஒரு பிள்ளை கணிதத்தை ஒரு நிலையிலும் தமிழை வேறொரு நிலையிலும் படிக்கலாம். நல்ல மாற்றம்தான். ஆனால் எந்தப் பாடத்தை எந்த நிலையில் எடுப்பது, எப்போது மேல்நிலைக்கு மாறுவது என்று தீர்மானிக்கும் வேலை இப்போது பெற்றோர் பக்கம் கூடுதலாக வந்திருக்கிறது. விவரம் தெரிந்த வீட்டுக்கு அது வாய்ப்பு, தெரியாத வீட்டுக்குத் தலைச்சுற்றல். பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தருவதோடு பெற்றோருக்கும் பள்ளி முறையைச் சொல்லித் தர வேண்டிய காலம் இது.

சராசரி என்னும் திரை

"இந்தியர்கள் இப்போது நன்றாகத்தானே இருக்கிறார்கள், இன்னும் எதற்கு உதவி?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் கையில் புள்ளிவிவரமும் இருக்கிறது. 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, குடும்பங்களை வருமான வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் இந்தியக் குடும்பம் வேலை மூலம் ஈட்டிய மாத வருமானம் 5,370 வெள்ளி. சீனக் குடும்பத்துக்கு அது 5,100 வெள்ளி.

இந்த எண் பொய் சொல்லவில்லை, ஆனால் எல்லாவற்றையும் சொல்லவும் இல்லை. 1990இல் மக்கள்தொகையில் 7.1 விழுக்காடாக இருந்த இந்தியர்கள் 2010இல் 9.2 விழுக்காடானார்கள். இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் நன்கு படித்த, நல்ல சம்பளம் வாங்கும் பலர் இந்தியாவிலிருந்து வந்து நிரந்தரவாசிகளாகவும் குடிமக்களாகவும் ஆனார்கள். வங்கியிலும் கணினித் துறையிலும் வேலை பார்ப்பவர்கள் சேர்ந்ததும் வரிசையின் நடு நகர்ந்துவிட்டது. ஈசூனிலும் உட்லண்ட்ஸிலும் வாடகை வீட்டில் இருந்த குடும்பம் இருந்த இடத்திலேயேதான் இருந்தது. ஒட்டுமொத்த எண் உயர உயர, கீழே இருப்பவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறார்கள் என்பதே இதிலுள்ள ஆபத்து. புதிதாக வந்தவர்களின் சம்பளத்திலிருந்தும் சிண்டாவுக்கு வெள்ளி பிடிக்கப்படுகிறது. அவர்களில் பலருக்குத் தங்கள் காசு யாருக்குப் போகிறது என்றே தெரியாது. அவர்களைத் தொண்டூழியர்களாக அந்த வீடுகளுக்கு அழைத்துப் போனால், ஒரே பெயரில் வாழும் இரண்டு இந்தியர்கள் முதன்முறையாகச் சந்தித்துக்கொள்வார்கள்.

இன்னொரு கேள்வி சற்று ஆழமானது. ஏழ்மைக்கு இனம் உண்டா, பிறகு எதற்கு இனத்துக்கு ஓர் அமைப்பு என்பது அது. சீனர்கள் மக்கள்தொகையில் முக்கால் பங்கு, இந்தியர்கள் 2020 கணக்கெடுப்பின்படி 9 விழுக்காடு, சுமார் 3 லட்சத்து 62 ஆயிரம் பேர். ஒவ்வொரு சமூகமும் தன் பிள்ளைகளைத் தானே பார்த்துக்கொள்வது என்றால், பெரிய குடும்பத்துக்குப் பெரிய உண்டியல், சிறிய குடும்பத்துக்குச் சிறிய உண்டியல் என்றுதானே ஆகும்? இந்த வாதத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. எதிர்த்தரப்பு சொல்வதிலும் உண்மை இருக்கிறது. மேலே சொன்ன பாதி திறந்த கதவை, அந்த வீட்டு மொழி பேசி, அந்த வீட்டு வழக்கம் தெரிந்தவர் தட்டினால் திறக்கும் சாத்தியம் அதிகம். அடிப்படை உதவி எல்லாருக்கும் பொதுவாக அரசாங்கத்திடமிருந்து வர வேண்டும், கதவைத் தட்டும் வேலையைச் சமூக அமைப்பு செய்ய வேண்டும் என்ற பிரிவினைதான் நடைமுறைக்கு ஒத்துவருகிறது.

நான்கு சுயஉதவி அமைப்புகளும் இதை உணராமல் இல்லை. துணைப்பாட வகுப்புகளில் ஒன்றோடொன்று சேர்ந்து நடத்தும் ஏற்பாடு வெகுநாளாக உண்டு. 2015இல் நான்கும் கூட்டாக மாணவர் பராமரிப்பு நிலையங்களை நடத்த ஒரு நிறுவனத்தை அமைத்தன. எல்லா இனப் பிள்ளைகளும் பள்ளி முடிந்ததும் ஒரே கூரையின்கீழ் வீட்டுப்பாடம் செய்கிறார்கள். சனிக்கிழமை தங்கையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனுக்கு இது முழுத் தீர்வாகாது. ஆனால் வாரநாள் பிற்பகலில் அவன் வெற்று வீட்டுக்குத் திரும்பாமல் இருப்பதே பெரிய காரியம்.

துணைப்பாட வகுப்பிலோ வாசிப்புத் திட்டத்திலோ பிள்ளையைச் சேர்க்க விரும்புவோர் பீட்டி சாலை அலுவலகத்தை நேரில் அணுகலாம், அல்லது பிள்ளையின் பள்ளி ஆசிரியரிடமே கேட்கலாம். நிதி உதவி பெறும் குடும்பங்கள் அதற்கான கடிதத்தைக் கையோடு கொண்டுபோனால் இரண்டாவது முறை அலைய வேண்டியிருக்காது. சொந்தத் தொழில் செய்வோருக்கும் டாக்சி, தனியார் வாடகைக் கார் ஓட்டுநர்களுக்கும் சம்பளத்தில் பிடிக்க முதலாளி இல்லாததால், அவர்கள் தர விரும்பினால் நேரடியாகத்தான் தர வேண்டும். வாரத்தில் ஒரு மாலை ஒதுக்க முடிந்தவர்களுக்கு, புத்தகம் வாசித்துக் காட்ட ஆள் தேடும் வீடுகள் எப்போதும் இருக்கின்றன. தமிழ் பேசத் தெரிந்தவராக இருந்தால் கதவைத் தட்டுவது இன்னும் எளிது.